தூரிகையும் சூளையும்

சீனக் கலையின் வயது ஏறத்தாழ ஏழாயிரம் ஆண்டு. மஞ்சள் நதிப் படுகையில் யாங்ஷாவ் பண்பாட்டு மக்கள் செந்நிற மட்கலங்களில் கறுப்பு வண்ணத்தால் மீன்களையும் சுழிகளையும் தீட்டிய காலத்திலிருந்து அந்தக் கணக்கு தொடங்குகிறது. அந்தக் கலையின் எல்லையைச் சொல்வதுதான் கடினம். இன்றைய அருங்காட்சியகத்தில் வெண்கலம், ஜேட், பீங்கான், பட்டு, அரக்கு வேலை, சிற்பம், ஓவியம் எல்லாமே ஒரே கூரையின் கீழ் கலை என்ற பெயரில் நிற்கின்றன. பழைய சீனத்தின் கற்றோர் வைத்திருந்த வரிசை வேறு. அவர்களுக்கு எழுத்துக்கலை முதலிடம், ஓவியம் அடுத்தது. முன்னோர் காலத்து வெண்கலமும் ஜேடும் போற்றிச் சேர்க்கத் தக்க செல்வங்கள். சிற்பமும் சூளை வேலையும் கைத்தொழில், அவ்வளவுதான். நான்காம் நூற்றாண்டில் அழகாக எழுதியவரின் பெயரைச் சீனப் பள்ளிப் பிள்ளைகள் இன்றும் அறிவார்கள். துன்ஹுவாங் பௌத்தக் குகைச் சுவர்களைத் தீட்டியவர்களில் பெரும்பாலோருக்குப் பெயரே எஞ்சவில்லை. இந்த ஏற்றத்தாழ்வை மனத்தில் வைத்துக்கொண்டால்தான் சீனக் கலையின் வரலாறு விளங்கும்.

பெயரற்றவர்களின் வேலையிலிருந்தே அந்த வரலாறு தொடங்குகிறது. இன்றைய ஹாங்சோவ் நகருக்கு அருகே, கி.மு. 3300 முதல் சுமார் ஆயிரம் ஆண்டு தழைத்த லியாங்சு பண்பாட்டினர், வெளியே சதுரமும் உள்ளே வட்டத் துளையுமாக ஜேட் குழாய்களைச் செய்து கல்லறைகளில் வைத்தார்கள். ஜேட் உளிக்கு மசியும் கல் அன்று. கடினமான மணலை நீரோடு சேர்த்துத் தேய்த்துத் தேய்த்தே அதற்கு உருவம் கொடுக்க வேண்டும். உலோகக் கருவி இல்லாத காலத்தில் அந்தக் கல்லின் மூலைகளில் மயிரிழைக் கோடுகளால் முகங்களைப் பொறித்த கைகளின் பொறுமை வியப்பூட்டுகிறது.

ஷாங் அரசர் காலத்து வெண்கலம் இதிலும் பெரிய சாதனை. மெழுகு வார்ப்பை நம்பாமல் அவர்கள் களிமண்ணையே நம்பினார்கள். முதலில் கலத்தின் மாதிரியைக் களிமண்ணில் செய்வார்கள். அதன்மேல் ஈரக் களிமண்ணை அப்பி, இறுகத் தொடங்கியதும் துண்டு துண்டாக வெட்டி எடுத்தால் வெளி அச்சு கிடைக்கும். உள்ளே நிற்கும் கருவுக்கும் அச்சுக்கும் நடுவே, கலத்தின் சுவர் எவ்வளவு தடிமனோ அவ்வளவு இடைவெளி விட்டு, அச்சுத் துண்டுகளை மறுபடி பூட்டி, அந்த இடைவெளியில் உருகிய உலோகத்தை ஊற்றுவார்கள். அச்சுத் துண்டுகள் சேரும் விளிம்பையே அலங்காரமாக மாற்றியது அவர்களின் மேதைமை. கலத்தின் நடுக்கோட்டின் இருபுறமும் ஒரு கண்ணாக, முறைத்துப் பார்க்கும் விலங்கு முகம் அமைவதற்கு இந்தத் தொழில்முறையும் துணை நின்றது. 1939இல் ஆன்யாங்கில் கிடைத்த நாற்கால் பாத்திரம் 832 கிலோவுக்கும் மேல் எடை கொண்டது. 1976இல் அதே ஊரில் அரசி ஃபூ ஹாவின் கல்லறை கொள்ளை போகாமல் கிடைத்தபோது, 400க்கும் மேற்பட்ட வெண்கலப் பொருள்களும் 700க்கும் மேற்பட்ட ஜேட் பொருள்களும் வெளிவந்தன. சீன நாகரிகம் மஞ்சள் நதிக்கு மட்டும் உரியது என்ற எண்ணத்தை, 1986இல் சிச்சுவான் மாநிலத்தின் சான்சிங்துய்யில் கிடைத்த வெண்கல உருவங்கள் அசைத்துவிட்டன. அங்கே பீடத்தோடு 2.6 மீட்டர் உயரமுள்ள நெடிய மனிதர் ஒருவர், பெரிய கைகளால் எதையோ பற்றியபடி நிற்கிறார். பற்றியிருந்த பொருள் இல்லை.

சின் பேரரசரின் சுடுமண் வீரர்கள் 1974இல் கிணறு தோண்டிய உழவர்களால் வெளிச்சத்துக்கு வந்த கதை எல்லோரும் அறிந்தது. அந்த உருவங்கள் சிலவற்றில் பட்டறைக்காரர்களின் பெயர்கள் குத்தப்பட்டிருக்கின்றன. புகழுக்காகக் குத்தியவை அல்ல. வேலையில் குறை வந்தால் யாரைக் கேட்பது என்று தெரிவதற்காக. கைவினைஞனின் பெயர் எதற்குப் பயன்பட்டது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டாம்.

எழுத்தின் நிலைமை நேர் எதிரானது. அதற்குத் தேவையானவை நான்கே பொருள்கள்: தூரிகை, மைக்கட்டி, மைக்கல், தாள். புகைக்கரியையும் பசையையும் சேர்த்து இறுக்கிய கட்டியைக் கல்லில் நீர்விட்டு இழைத்தால் மை. நுனி கூம்பிய மயிர்த் தூரிகையை அழுத்தினால் கோடு பருக்கும், தூக்கினால் மெலியும். தாள் மையை உடனே குடித்துவிடுவதால் திருத்தத்துக்கு இடமில்லை. எழுதியவரின் வேகம், தயக்கம், மூச்சு எல்லாம் கோட்டில் தங்கிவிடுகின்றன. எழுத்தைப் பார்த்து எழுதியவரின் குணத்தையே படிக்கலாம் என்று கற்றோர் நம்பியதற்கு இதுவே காரணம். வாங் ஷிஜி 353இல் நண்பர்களோடு கூடிய கவியரங்கின் தொகுப்புக்கு எழுதிய முன்னுரை, சீன எழுத்துக்கலையின் உச்சமாகப் போற்றப்படுகிறது. அதன் மூலப் படி இன்று இல்லை. டாங் பேரரசர் தாய்சோங் அதைத் தம்மோடு புதைக்கச் சொன்னதாக மரபு கூறும். உலகம் அறிந்தவை நகல்கள் மட்டுமே. நகலெடுப்பது அங்கே இழிவான செயல் அன்று. ஆறாம் நூற்றாண்டளவில் ஷியே ஹெ வகுத்த ஓவியத்தின் ஆறு நெறிகளில் முதலாவது உயிர்த்துடிப்பு, ஆறாவது முன்னோர் படைப்பை நகலெடுத்துக் கற்றல். போரும் நெருப்பும் தின்ற பிறகும் பழைய ஓவியத்தைப் பற்றி ஏதேனும் தெரிகிறதென்றால் அந்த ஆறாவது நெறிக்கு நன்றி சொல்ல வேண்டும்.

இந்தியாவிலிருந்து மத்திய ஆசியா வழியே சென்ற பௌத்தம், சிற்பத்துக்கும் சுவரோவியத்துக்கும் பேரளவில் வாய்ப்பளித்தது. துன்ஹுவாங் குகைகளை 366இல் குடையத் தொடங்கி ஆயிரம் ஆண்டு குடைந்தார்கள். ஓவியமும் சிற்பமும் உள்ள 492 குகைகள் இன்றும் இருக்கின்றன. 1900இல் அங்கே சுவருக்குப் பின்னே மூடிக் கிடந்த ஓர் அறையில் பல்லாயிரம் சுவடிகள் கிடைத்தன. 868இல் அச்சான வச்சிர சூத்திரமும் அவற்றுள் ஒன்று. அது இப்போது லண்டனில் இருக்கிறது.

சோங் காலத்தில் மலையும் நீரும் ஓவியத்தின் மையமாயின. ஃபான் குவான் 1000ஆம் ஆண்டையொட்டிப் பட்டில் தீட்டிய மலைக்காட்சி, இரண்டு மீட்டருக்கும் சற்று அதிக உயரம். மேற்பகுதி முழுவதையும் ஒற்றை மலை அடைத்துக்கொள்ள, அதன் பிளவில் நூல் போல அருவி இறங்குகிறது. கீழே வலப்பக்கம் சுமை விலங்குகளை ஓட்டிக்கொண்டு வழிப்போக்கர் வருகிறார்கள். தேடினால்தான் தெரியும் அளவு சிறியவர்கள். அந்தச் சுமை விலங்குகளுக்குப் பின்னால், இலைகளுக்கு நடுவே, ஓவியர் தம் பெயரை எழுதி மறைத்திருந்தார். 1958வரை யார் கண்ணிலும் அது பட்டதாகப் பதிவில்லை. மலைக்கு முன் மனிதன் எவ்வளவு என்பதை அந்த ஓவியர் தமக்கும் பொருத்திக்கொண்டார் என்றே தோன்றுகிறது. நூறாண்டுக்குப் பின் வந்த பேரரசர் ஹுய்சோங் தாமே சிறந்த ஓவியர். அரசை ஆள்வதில்தான் தவறினார். 1127இல் ஜுர்சென் படை தலைநகரைப் பிடித்து அவரைச் சிறைகொண்டு போனது. அவர் அவைக்கு வானநீல மெருகுடன் செய்யப்பட்ட ரூ கலங்கள் உலகில் இன்று நூறளவில்தான் எஞ்சியுள்ளன.

மங்கோலியர் ஆட்சியில், பதவியை விட்டு ஒதுங்கிய கற்றோர் தூரிகையை இன்னும் இறுகப் பற்றிக்கொண்டார்கள். ஹுவாங் கோங்வாங் எண்பது வயதில், நண்பரான தாவோயிசத் துறவிக்காக ஃபூசுன் ஆற்று மலைகளை நீண்ட சுருளில் தீட்டினார். அவர் எழுதிய குறிப்பின் ஆண்டு 1350. இத்தகைய சுருளைச் சுவரில் மாட்டுவதில்லை. மேசையில் வைத்து, வலக்கையால் சுருட்டியபடி இடக்கையால் விரித்து, ஒரு முழம் ஒரு முழமாக, ஆற்றோரம் நடப்பதுபோல் பார்க்க வேண்டும். அந்தச் சுருள் கைமாறிய வரலாறே ஒரு காவியம். ஷென் சோவ் என்ற பெரும் ஓவியர் அதைப் பறிகொடுத்துவிட்டு, 1487இல் நினைவிலிருந்து மறுபடி வரைந்தார். 1650இல் அதன் உரிமையாளர் சாகும் தறுவாயில், தம்மோடு எடுத்துச் செல்ல அதை எரிக்கச் சொன்னார். அவருடைய சகோதரர் மகன் நெருப்பிலிருந்து பறித்தார், சுருள் இரண்டானது. பின்னாளில் பேரரசர் சியான்லோங் ஒரு நகலை அசல் என்று நம்பி அதன் வெற்றிடமெல்லாம் தம் குறிப்புகளால் நிரப்பினார். அடுத்த ஆண்டே வந்துசேர்ந்த அசலைப் போலி என்று ஒதுக்கியதால், அது அவர் கையிலிருந்து தப்பியது. சிறு துண்டு ஹாங்சோவிலும் பெரிய பகுதி தைபேயிலும் இருக்கின்றன. 2011இல் தைபேயில் இரண்டும் அருகருகே காட்சிக்கு வந்தன.

அதே மங்கோலியர் காலத்தில் ஜிங்தெஜென் சூளைகள் உலகை மாற்றிக்கொண்டிருந்தன. வெண்களியையும் பொடித்த பீங்கான் கல்லையும் கலந்து, சுமார் 1300 டிகிரி வெப்பத்தில் சுட்டால், தட்டினால் ஒலிக்கும் வெண்பீங்கான் கிடைக்கும். பாரசீகத்திலிருந்து வந்த கோபால்ட்டைக் குழைத்து, சுடாத கலத்தின்மேல் தூரிகையால் வரைந்து, மெருகு பூசிச் சுடுவது நீல வெள்ளைப் பீங்கான். கோயில் ஒன்றுக்குக் காணிக்கையாக 1351இல் செய்யப்பட்ட இரட்டைச் சாடிகள், இந்தக் கலை அதற்குள் முழு வளர்ச்சி பெற்றுவிட்டதைக் காட்டுகின்றன. சீனக் கலம் கடல்வழியே தமிழகத்துக்கும் வந்தது. ராமநாதபுரம் மாவட்டத்துப் பெரியபட்டினத்தில் அதன் சில்லுகள் கிடைத்திருக்கின்றன. எதிர்த்திசையில் சென்ற தமிழ் வணிகர்கள் சுவான்சோவ் துறைமுகத்தில் சிவன் கோயில் எழுப்பினார்கள். 1281ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டும், லிங்கத்தை வணங்கும் யானையின் புடைப்புச் சிற்பமும் அந்த ஊரில் கிடைத்தவை.

மிங் காலத்தில் தோங் சிசாங் பழைய ஓவியர்களை வடக்கு, தெற்கு என்று இரு மரபாகப் பிரித்து, கற்றோர் ஓவியத்தை மேலேயும் தொழில்முறை ஓவியத்தைக் கீழேயும் வைத்தார். அந்தத் தீர்ப்பு அழகானது, நியாயமானது அன்று; பல நல்ல ஓவியர்கள் முந்நூறு ஆண்டு அதன் நிழலில் கிடந்தார்கள். சிங் காலத்தில் ஷிதாவ், படா ஷான்ரென் போன்ற துறவிகள் விதிகளை உதறி வரைந்தார்கள். அரசவையிலோ 1715இல் வந்த இத்தாலியர் காஸ்திலியோனே ஐரோப்பிய ஒளி நிழலைச் சீனப் பட்டில் இறக்கினார். 1860இல் ஆங்கிலேய, பிரெஞ்சுப் படைகள் பழைய கோடை அரண்மனையைச் சூறையாடின. 1925இல் மக்களுக்குத் திறக்கப்பட்ட அரண்மனை அருங்காட்சியகத்தின் சேகரிப்பு, 1933இல் ஜப்பானியப் படைக்கு அஞ்சித் தெற்கே நகர்ந்தது. 1948-49இல் அதன் ஒரு பகுதி தைவானுக்குக் கப்பலேறியது.

இருபதாம் நூற்றாண்டில் பழைய வரிசை குலைந்தது. இறால்களை மையில் உயிரோடு நீந்தவிட்ட சி பாய்ஷி, இளமையில் தச்சர். பாரிசில் பயின்ற ஷூ பெய்ஹோங், தாகூரின் அழைப்பில் சாந்திநிகேதனில் தங்கி, 1940இல் மலையைப் பெயர்க்கும் முதியவரின் கதையைப் பேரோவியமாக்கினார். எழுத்தாளர் லூ ஷுன் மரச்செதுக்கு அச்சுக்கலையைப் போராட்டத்தின் குரலாக்கினார். கலாச்சாரப் புரட்சி ஓய்ந்த பின், 1988இல் ஷூ பிங் சுமார் 4,000 எழுத்துகளைத் தாமே புனைந்து, மரத்தில் செதுக்கி, நூல்களாக அச்சிட்டுப் பரப்பினார். பார்க்கச் சீன எழுத்துகள் போலவே இருக்கும் அவற்றை யாராலும் படிக்க முடியாது. 2010இல் ஐ வெய்வெய் லண்டன் டேட் மாடர்ன் அரங்கில் 10 கோடி பீங்கான் சூரியகாந்தி விதைகளைக் கொட்டினார். அவற்றை உருவாக்கியவர்கள் ஜிங்தெஜென் கைவினைஞர்கள், சுமார் 1,600 பேர். ஒவ்வொரு விதையின் கறுப்புக் கோடும் தூரிகையால் இட்டது. அவர்கள் வேலை செய்யும் காணொளியும் விதைகளோடு சேர்த்தே அரங்கில் காட்டப்பட்டது.