ஜம்ப்மாஸ்டரின் விரல்கள்

தலைக்கவசத்திலிருந்து தொடங்கினார், வீரர்களைச் சோதித்துக் குதிக்க அனுப்பும் ஜம்ப்மாஸ்டர். தாடை வார், கண்ணாடி, ஆக்சிஜன் முகமூடி, அதன் குழாய். தோளில் பாராசூட்டைப் பிடித்திருக்கும் வளையங்கள். மார்பு வார், திறக்கும் பிடி, கோளாறானால் கழற்றிவிடும் பிடி, ரிசர்வ் பாராசூட்டின் பிடி, தொடை வார்கள். பிறகு வீரரைத் திருப்பி நிறுத்தி முதுகுப் பை. கண் போன இடமெல்லாம் விரலும் போயிற்று. நடுவில் ஒருவர் வந்து ஏதோ கேட்டார். பதில் சொல்லி அனுப்பியவர், விட்ட இடத்திலிருந்து தொடரவில்லை. மறுபடி தலைக்கவசத்துக்கே போனார்.

ஆக்ராவில், விமானப்படையின் பாராசூட் பயிற்சிப் பள்ளியில் இந்தச் சோதனையைத்தான் நெடுநேரம் நின்று பார்த்தேன். சாதாரணக் குதிப்பில், விமானத்தோடு கட்டிய வார் பாராசூட்டை இழுத்துத் திறந்துவிடும். ஃப்ரீ ஃபால் குதிப்பில் அந்த வார் கிடையாது. மணிக்கு ஏறத்தாழ 200 கிலோமீட்டர் வேகத்தில் விழுந்துகொண்டே, கையிலுள்ள உயரமானியைப் பார்த்து வீரரே திறக்க வேண்டும். அவர் திறக்காமல் போனால் ரிசர்வைத் திறந்துவிட ஒரு தானியங்கிக் கருவி உண்டு. இறங்கும் இடத்துக்கு ஏற்றபடி அது அமைக்கப்பட்டிருக்கிறதா என்று பார்ப்பதும் ஜம்ப்மாஸ்டரின் வேலை.

காற்றுக் கணக்கும் அவருடையதே. 20 நாட் காற்றில் 10,000 அடி விழுவதற்குள் ஒருவர் சுமார் 600 மீட்டர் தள்ளிப்போய்விடுவார். உயரத்துக்கு உயரம் காற்றின் வேகமும் திசையும் மாறும். எல்லாவற்றையும் கூட்டிக் கழித்து, எந்தப் புள்ளிக்கு மேலே குதித்தால் மல்புரா இறங்குவெளிக்கு வந்து சேரலாம் என்று வரைபடத்தில் குறித்துக்கொள்கிறார். புறப்படும் முன் காற்று மாறினால் அத்தனையும் புதிதாக.

மிக உயரத்தில் நடப்பதை அவர் சொல்லக் கேட்டேன். பாதுகாப்பு ஆராய்ச்சி அமைப்பான டிஆர்டிஓ உருவாக்கிய பாராசூட்டில் 2025 அக்டோபரில் 32,000 அடியிலிருந்தே குதித்துச் சோதித்திருக்கிறார்கள். அத்தகைய உயரங்களுக்குப் போகும் முன் தூய ஆக்சிஜனை நெடுநேரம் சுவாசித்து உடலிலுள்ள நைட்ரஜனை வெளியேற்ற வேண்டும். நடுவில் முகமூடியை விலக்கினால் அதுவரை சுவாசித்தது வீண். ஆக்சிஜன் குறைந்தவருக்குத் தனக்கு ஏதோ ஆகிறது என்றே தெரியாது, உற்சாகமாகக்கூட இருப்பார். எனக்கு உண்மையில் அச்சம் தந்தது இதுதான். அதனால் ஜம்ப்மாஸ்டர் ஒவ்வொருவர் கண்ணையும் மாறிமாறிப் பார்க்கிறார்; தன் சைகைக்குப் பதில் சைகை தாமதமாகிறதா என்று கவனிக்கிறார். எஞ்சின் இரைச்சலில் பேச்சு எடுபடாது. அங்கே கட்டளைகள் எல்லாம் கைகளால்தான். இத்தனையும் செய்பவர் அதே முகமூடியும் அதே சுமையும் மாட்டிக்கொண்டு, அவர்களோடு சேர்ந்து குதிக்கப் போகிறவர்.

அன்று வரிசையில் ஓர் இளைஞரிடம், "ஜலதோஷமா?" என்று கேட்டார். லேசாகத்தான் என்றார் அவர். மூக்கடைத்திருந்தால் வேகமாகக் கீழே வரும்போது காதுக்குள் அழுத்தம் சமமாகாது, செவிப்பறையே கிழியலாம். இளைஞர் கெஞ்சிப் பார்த்தார். ஜம்ப்மாஸ்டர் குரலை உயர்த்தவில்லை. பட்டியலில் அவர் பெயரை அடித்துவிட்டு, மருத்துவரைப் பார்த்துவிட்டு வரச் சொன்னார். அடுத்து நின்றவர் பதவியில் ஜம்ப்மாஸ்டரைவிட மூத்த அதிகாரி. அவருக்கும் சோதனை தலைக்கவசத்திலிருந்துதான் தொடங்கியது.