சாயம் இறங்காத இடம்

அப்பா முதலில் அதைச் சூடு என்றுதான் நினைத்தார். மரக்காணத்தில் உப்பளத்தில் நிற்கிற யாரும் அப்படித்தான் நினைப்பார்கள். பங்குனி, சித்திரையில் பாத்தி நடுவே நின்று உப்பு வாரினால் தலைக்கு மேலேயும் வெயில், வெள்ளைத் தரையிலிருந்து முகத்துக்கும் வெயில். மூத்திரம் மஞ்சளாகும், கடுக்கும், சில நாள் சிவக்கவும் செய்யும். அதற்கு இளநீர், ஊறவைத்த வெந்தயம், உள்ளங்காலில் விளக்கெண்ணெய். நாற்பது வருஷம் உப்பில் நின்றவருக்கு இது ஒரு வியாதியே இல்லை.

இந்த முறை வலியே இல்லாமல் சிவந்தது. வலி இல்லாததால் அவர் நிம்மதியாக இருந்தார். பயப்பட வேண்டியதே அதற்குத்தான் என்று அப்போது எனக்கும் தெரியாது. ஒரு கிளினிக்கில் கல்லாக இருக்கும் என்றார்கள், பிறகு கிருமி என்றார்கள். மாத்திரை தின்றால் நிற்கும், பிறகு வரும். இப்படி ஐந்து மாதம். நான் பெங்களூரில் உட்கார்ந்துகொண்டு ஜிபேயில் பணம் அனுப்பிக்கொண்டிருந்தேன். “ஸ்கேன் எடுத்தாங்களாப்பா?” என்று ஒருமுறைகூடக் கேட்கவில்லை. ஒரு சர்வர் ஐந்து மாதமாக விட்டுவிட்டு எர்ரர் காட்டினால் லாக் பார்க்காமல் விடுவேனா? அந்தக் கேள்வி இன்னும் என்னை விடவில்லை.

கடைசியில் பாண்டிச்சேரியில் சி.டி. எடுத்தார்கள். சாயம் ஏற்றிச் சிறுநீர்ப்பாதையைப் பார்க்கிற வகை. சாயத்தை ஊசியில் ஏற்றியதும் முதலில் ரத்தக்குழாய்களும் சிறுநீரகமும் வெளுக்கும். சில நிமிஷம் காத்திருந்தால் சிறுநீரகம் அந்தச் சாயத்தை வடித்துக் கீழே அனுப்பும். இரண்டு சிறுநீர்க்குழாய்களும் வெள்ளைக் கோடாக இறங்கிப் பையில் சேர்வது படத்தில் தெரியும். சி.டி.யை லேப்டாப்பில் போட்டு ராத்திரி ஒரு மணிக்கு நான் பார்த்தேன். வலது பக்கம் கோடு அழகாக இறங்கியது. இடது பக்கம் சிறுநீரகம் பலூன் மாதிரி உப்பியிருந்தது, கொஞ்ச தூரம் கீழே வந்து சாயம் நின்றுவிட்டது. அதற்கப்புறம் இருட்டு. மெடிக்கல் படிக்காதவனுக்கும் புரிகிற படம்.

சிறுநீரகத்தின் உட்குழிவிலிருந்து பை வரைக்கும் ஒரே மாதிரி உட்படலம்தான். அதில் வரும் புற்று பெரும்பாலும் பையில்தான் வரும். மேலே, குழாயில் வருவது நூற்றில் 5 முதல் 10 பேருக்கு. அப்பா அந்தச் சிறுபான்மை. டாக்டர் இரண்டு கேள்வி கேட்டார். “பீடி எத்தனை வருஷம் ஐயா?” பதினேழு வயதிலிருந்து. புகையில் போகும் நச்சு கடைசியில் சிறுநீர் வழியாகத்தானே வெளியேற வேண்டும், போகிற வழியெல்லாம் அந்தப் படலத்தைத் தொட்டுக்கொண்டே போகும். இரண்டாவது கேள்வி விசித்திரமாக இருந்தது: “நாட்டு மருந்து ஏதாச்சும் தொடர்ந்து சாப்பிட்டீங்களா? ஆடுதின்னாப்பாளை மாதிரி?” அப்பா இல்லை என்றார். வீட்டுக்கு வந்து தேடினேன். அந்தச் செடிக் குடும்பத்தில் இருக்கும் ஓர் அமிலம் சிறுநீரகத்தைக் கெடுத்து, சரியாக இந்த மேல்பாதைப் புற்றையே கொண்டுவரும். தைவானிலும் பால்கன் நாடுகளிலும் இதை விரிவாக ஆராய்ந்திருக்கிறார்கள். நம்மூர் வேலியோரம் அது சும்மா முளைத்துக் கிடக்கிறது.

அறுவை என்றால் இடது சிறுநீரகம், குழாய், பையில் அது சேரும் ஓரம் எல்லாவற்றையும் சேர்த்து எடுப்பது. “உடனே எடுத்துருங்க சார்” என்றேன். டாக்டர், “எடுக்கறதுக்கு முன்னாடி அது எவ்ளோ ஆழம் போயிருக்குன்னு யூகிக்கணும்” என்றார். எடுத்த பிறகு பரிசோதனைக்கூடத்தில் துல்லியமாகத் தெரிந்துவிடுமே, முன்னாலேயே எதற்கு யூகம்? எனக்குப் புரியவில்லை. அவர் ஒரு காகிதத்தில் வரைந்து காட்டினார்.

சிறுநீர்க்குழாயின் சுவர் மெல்லியது. மெல்லிய கேமராக்குழலை உள்ளே விட்டுக் கிள்ளி எடுத்தால் கடுகளவு சதைதான் கிடைக்கும். அது புற்றின் குணத்தைச் சொல்லும், ஆழத்தைச் சொல்லாது. சி.டி.யாலும் படலத்தில் நிற்கிறதா தசைக்குள் போய்விட்டதா என்று பிரித்துச் சொல்ல முடியாது. சுற்றியுள்ள கொழுப்பில் பரவியிருந்தால்தான் ஓரளவு தெரியும். அதனால் மறைமுக அடையாளங்களைச் சேர்த்துப் பார்க்கிறார்கள். கட்டியின் அளவு, கிள்ளிய சதையின் தரம், சிறுநீரகம் உப்பியிருக்கிறதா என்பது. நான் ராத்திரி பார்த்த அந்த பலூனே ஒரு கணிப்பு. உப்பியிருந்தால் புற்று ஆழமாகப் போயிருக்க வாய்ப்பு அதிகம்.

அவசரமாகக் கணிக்க வேண்டிய காரணம் மருந்தில் இருக்கிறது. இந்தப் புற்றுக்கு முக்கியமான கீமோ சிஸ்பிளாட்டின். அதைத் தாங்கச் சிறுநீரகம் நன்றாக வேலை செய்ய வேண்டும். வடிகட்டும் அளவு நிமிஷத்துக்கு 60 மில்லியாவது இருக்க வேண்டும் என்பது வழக்கமான கோடு. 2020இல் லான்செட்டில் வந்த பிரிட்டன் ஆய்வு ஒன்று, அறுவைக்குப் பிறகு கீமோ கொடுத்தால் நோய் திரும்புவது குறைகிறது என்று காட்டியது. ஆனால் ஒரு சிறுநீரகத்தை எடுத்தபின் பலருக்கு அந்த 60 இருப்பதில்லை. கார்போபிளாட்டின் என்று மாற்று உண்டு, ஆனால் டாக்டர்கள் அதை முதல் தேர்வாகச் சொல்வதில்லை. ஆழம் உறுதியாகத் தெரியும் நாளில் சரியான மருந்தைக் கொடுக்கும் வாய்ப்பு போயிருக்கும். முன்னாலேயே கொடுக்கலாம், ஆனால் அப்போது ஆழம் தெரியாது. புற்று மேலோட்டமாக இருந்தால் வீண் விஷம்.

அப்பாவுக்கு 58 இருந்தது.

கோட்டுக்கு இரண்டு கீழே. இந்த இரண்டை யார் எடுத்துக்கொண்டது? சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவனத்தின் வித்யா வேணுகோபால் குழுவினர் தமிழ்நாட்டு உப்பளத் தொழிலாளர்களின் வெப்பச் சுமையையும் சிறுநீரகத்தையும் அளந்து எழுதியிருக்கிறார்கள். வியர்த்துக் கொட்டுகிற வேலை, குடிக்கத் தண்ணீர் போதாது, ஒதுங்க இடமில்லாததால் குடிப்பதையும் குறைத்துக்கொள்வது. படித்தபோது அம்மா ஞாபகம்தான் முதலில் வந்தது. அவளும் பத்து வருஷம் உப்புச் சுமந்தவள், காலையில் வீட்டில் தண்ணீர் குடித்தால் மறுபடி சாயங்காலம்தான்.

அந்த வாரம் நான் செய்ததைச் சொல்லக் கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது. கணிப்புக் கட்டுரைகளைத் தேடித்தேடிப் படித்தேன். வயது, கட்டியின் இடம், தரம், வீக்கம் எல்லாவற்றையும் போட்டால் ஒரு சதவீதம் தருகிற நோமோகிராம்கள் உண்டு. படத்திலிருந்து நூற்றுக்கணக்கான எண்களைப் பிழிந்து மாடல் கட்டுகிறவர்களும் உண்டு. என் தொழிலே அதுதான் என்பதால் ஓட்டைகள் உடனே கண்ணில் பட்டன. வேறு கம்பெனி இயந்திரம், வேறு தடிமனில் வெட்டிய படம் என்றால் அந்த எண்கள் மாறும். ஒரு மருத்துவமனையின் பழைய நோயாளிகளை வைத்துக் கட்டியது, மரக்காணத்துப் பீடிக்காரருக்குப் பொருந்துமா? ஆனாலும் எக்ஸெல்லில் அப்பாவைப் போட்டுப் பார்த்தேன். வந்த எண்ணை யாரிடமும் சொல்லவில்லை, இங்கேயும் எழுதப்போவதில்லை.

அப்பாவிடம் மட்டும், “எது முன்னாடி, எது பின்னாடின்னு நாமதான் முடிவு பண்ணணுமாம்பா. உறுதியா யாராலயும் சொல்ல முடியாதாம்” என்றேன்.

“உறுதியா தெரிஞ்சா அப்பறம் என்னாத்துக்குடா டாக்டரு?” என்றார். பிறகு பாத்திக் கதைக்குப் போய்விட்டார். கடல்தண்ணி 3.5 டிகிரி இருக்கும். காயக்காய ஏறி 25ஐத் தொட்டால் உப்புக் கட்டும். 30 வரை விட்டால் கசப்பு சேர்ந்துவிடும். டிகிரி பார்க்கக் கண்ணாடிக் குழல் உண்டு, அதில் பிரச்சினை இல்லை. பிரச்சினை மேகம். “இன்னும் நாலு நாளு வுட்டா மணி மணியா நிக்கும். கெழக்க கறுக்குது. இன்னிக்கே வாரினா பொடி உப்பு, பாதி வெலை. வாராம வுட்டு மழ பேஞ்சா எல்லாம் கடலுக்கே போயிரும். நான் எப்பவுமே வாரிடுவேன்.”

டாக்டர் இன்னொரு ஸ்கேன் எடுத்தார். எந்தச் சிறுநீரகம் எவ்வளவு வேலை செய்கிறது என்று பிரித்துச் சொல்வது. இடதுக்கு இன்னும் கணிசமான பங்கு இருந்தது, எடுத்தால் 58 நன்றாகவே இறங்கும். பயாப்ஸி மோசமான தரம் என்றது. ரேடியாலஜிஸ்ட், கொழுப்பில் கசிந்த சாயல் இருப்பதாக எழுதியிருந்தார். மூன்றும் ஒரே பக்கம் கை காட்டின. அடைப்பைத் தாண்டி ஒரு ஸ்டென்ட் வைத்ததும் 58 கொஞ்சம் ஏறியது. சிஸ்பிளாட்டினை ஒரே நாளில் கொடுக்காமல் இரண்டாகப் பிரித்து, நான்கு சுற்று. அப்பா வாந்தியெடுத்த நாட்களைப் பற்றி எழுத எனக்கு விருப்பமில்லை. காதில் விசில் அடிக்கிறது என்றார், அது இன்னும் நிற்கவில்லை.

அறுவைக்குப் பின் அறிக்கை வந்தது. புற்று தசை வரை. கொழுப்புக்குப் போகவில்லை. நிணநீர் முடிச்சுகளில் ஏதுமில்லை.

வீட்டில் எல்லோரும் அழுதார்கள். எனக்கு மட்டும் மண்டைக்குள் ஒரு பூச்சி. கொழுப்பில் கசிந்திருந்ததை மருந்து சுருக்கியதா? இல்லை, அது எப்போதுமே தசையோடுதான் நின்றதா, ஸ்கேன் தப்பா? காது விசில் தேவையாக இருந்ததா? டாக்டரிடம் கேட்டேன். “மருந்து கொடுத்தாச்சு. இனிமே அதைக் கண்டுபிடிக்க முடியாது” என்று சாதாரணமாகச் சொன்னார். என் வேலையிலும் இது உண்டு. டிஸ்க் நிரம்பப்போகிறது என்று அலாரம் அடித்து, ராத்திரி எழுந்து இடம் ஒதுக்கிவிட்டால், மறுநாள் மேனேஜர் கேட்பார்: “ஒண்ணும் ஆகலையே, எதுக்கு அலாரம்?”

அப்பாவிடம் இதைச் சொன்னபோது சிரித்தார். “ஒருவாட்டி ஐப்பசில மேகத்தப் பாத்துட்டு ராவோட ராவா வாரிட்டோம். மழயே வர்ல. மொதலாளி கிழிகிழின்னு கிழிச்சாரு.”

“அப்பறம்?”

“அப்பறம் என்னா, அடுத்த மேகத்துக்கும் வாரினோம்.”

மேல்பாதையில் வந்தது பிறகு பையிலும் முளைக்கலாம் என்பதால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை கேமரா விட்டுப் பார்க்கிறார்கள். அடுத்த தேதி தைப்பொங்கல் முடிந்த வாரம். அப்போதுதான் புது சீசனுக்குப் பாத்தி மிதிப்பார்கள். நேற்று போன் செய்து, “டாக்டர்கிட்ட ஒரு பத்து நாளு தள்ளிக் கேளேன், மிதிச்சி முடிச்சிட்டு வந்துர்றேன்” என்றார். முடியாது என்று சொல்லிவிட்டு, இந்த வருஷம் மிதிக்க இரண்டு ஆளுக்குக் கூலி அனுப்பியிருக்கிறேன். கூடவே இருபது லிட்டர் தண்ணி கேன் இரண்டு, பாத்தி மேட்டில் வைக்க.