வீட்டில் இறங்கிய விமானம்

கணினியில் விமானம் ஓட்டிப் பழகும் என் மகன், மைக்ரோசாஃப்ட் ஃபிளைட் சிமுலேட்டருக்கென விற்கப்படும் கூடுதல் விமானம் ஒன்றை வாங்கித் தருமாறு வேண்டினான். விலையோ மதரஸா ஆசிரியனின் ஊதியத்திற்குக் கனமானது. "இலவசமானதை முதலில் சோதிப்போம்" என்றேன். தன்னார்வலர்கள் உருவாக்கிய ஃபிளை பை வயர் ஏ32என்எக்ஸ் வந்து சேர்ந்தது. ஏர்பஸ் ஏ320 நியோவின் சாயல் அது.

அதன் வண்ணத்தில் நான் மயங்கினேன். "இயங்கும் விதத்தைப் பாருங்கள், அத்தா" என்றான் அவன். மின்கலம், துணைப்பொறி, எஞ்சின் என வரிசை பிசகாமல் உயிரூட்டினான். தரையிறங்குகையில் 20 அடி உயரத்தில் 'ரிடார்ட்' என்று குரல் எழுந்தது. விசை நெம்புகோலைப் பின்னிழுக்க மறந்தான். விமானம் தரை தொடாது ஓடுபாதைமேல் மிதந்தது. மெய்யான விமானமும் அம்மறதியை மன்னிக்காது.

"இதுவே போதும், அத்தா" என்றான். விமானத்தை எடைபோட்டுச் சொன்னானோ, என் சட்டைப்பையை எடைபோட்டுச் சொன்னானோ! அன்றிரவு நெடுநேரம் உறக்கம் வரவில்லை.