மாட்டுங்காவின் மக்கள்தொகை

சிதம்பரத்தை அடுத்த அண்ணாமலை நகரைக் கல்லூரி நகரம் என்றால் எவரும் மறுக்கமாட்டார். 1929இல் பல்கலைக்கழகம் எழுந்தது. ஊர் அதைச் சுற்றி வளர்ந்தது. பேரூராட்சி என்ற தகுதியால் அதற்குத் தனி எல்லையும் தனி மக்கள்தொகையும் உண்டு. மும்பையின் மாட்டுங்காவுக்கு இவற்றில் ஒன்றும் இல்லை. ஆனால் நடந்து பார்த்தால் அதுவும் ஒரு கல்லூரி நகரமே.

1887இல் தொடங்கப்பெற்ற விக்டோரியா ஜூபிலி தொழில்நுட்பக் கல்லூரி 1923இல் இங்கு இடம்பெயர்ந்தது. பம்பாய்ப் பல்கலைக்கழகம் 1933இல் நிறுவிய வேதியியல் தொழில்நுட்பத் துறை இன்று அதன் அண்டை நிறுவனம். ரூயியா கல்லூரியும் கால்சா கல்லூரியும் 1937இல் வந்தன. போதார் கல்லூரி 1941இல். சென்ட்ரல் இருப்புப்பாதையின் கிழக்கே, கிங்ஸ் சர்க்கிளுக்கு இப்பால், இவை யாவும் சிறு நடைத்தொலைவில் அடங்கிவிடுகின்றன. 

இந்த இடம் தற்செயலாக அமைந்ததன்று. 1896இல் பிளேக் நகரைத் தாக்கியதை அடுத்து, 1898இல் நகர மேம்பாட்டு டிரஸ்ட் அமைக்கப்பட்டது. நெரிசலைத் தணிக்க வடக்கே புதுக் குடியிருப்புகளை வகுத்தது அதுவே. தாதர், மாட்டுங்கா, சயான் பகுதிகளில் அகன்ற தெருக்களும், ஐந்து தோட்டங்களும், இடைவெளி விட்ட மாடிக் கட்டடங்களும் அந்தத் திட்டத்தின் விளைவு. ஆங்கிலம் கற்று எழுத்தராகவும் சுருக்கெழுத்தாளராகவும் வந்த தென்னிந்தியர் அவ்வீடுகளை நிறைத்தனர். 1932இல் தென்னிந்தியக் கல்விச் சங்கம் தோன்றியது. கோயில், பஜனை, காப்பிக்கடை, பூக்கடை என மற்றவை தாமே வந்து சேர்ந்தன. மாட்டுங்காவை எழுதுவோர் பெரும்பாலும் இந்தக் காப்பிக்கடையிலேயே நின்றுவிடுகிறார்கள். இருப்புப்பாதைக்கு அப்பால் போவதில்லை.

அப்பால் இருப்பது தாராவி. வடக்கே மித்தி ஆறு. மேற்கிலும் கிழக்கிலும் இரு ரயில் பாதைகள். கோலி மீனவரின் பழைய குடியிருப்பான இங்கு, பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதி முதல் தோல் பதனிடும் தொழிலுக்காகத் தமிழர் வந்தனர். அவர்களுள் திருநெல்வேலி வட்டாரத்தார் மிகுதி. டிரஸ்ட் வரைந்த தெரு எதுவும் அவர்களுக்கு வாய்க்கவில்லை. சதுப்பு நிலத்தை மண்ணும் குப்பையும் கொட்டி மேடாக்கி, அதன்மேல் அவர்களே வீடு எழுப்பிக்கொண்டார்கள். எல்லையில் உள்ள லேபர் கேம்ப்பைப் பலரும் இன்றும் மாட்டுங்கா லேபர் கேம்ப் என்றே அழைக்கிறார்கள். பெயரில் மாட்டுங்கா, வாழ்க்கையில் தாராவி.

இனி எண்கள். தாராவியின் பரப்பு இரண்டரைச் சதுர கிலோமீட்டருக்குள் அடங்கும். மக்கள்தொகையோ யாரும் ஒத்துக்கொள்ளாத எண். 2020இல் கொரோனாச் செய்திகளில் ஆறரை லட்சம், எட்டரை லட்சம், பத்து லட்சம் என மூன்றும் வலம்வந்தன. ஆனால் 2011 கணக்கெடுப்பில் தாதர், மாஹிம், தாராவி மூன்றும் அடங்கிய ஜி வடக்கு வட்டம் முழுவதற்குமே சுமார் 6 லட்சம் பேர்தாம். பத்து லட்சம் சரியென்றால் அரசின் கணக்கு லட்சக்கணக்கான மனிதரைத் தவறவிட்டிருக்கிறது. கணக்குச் சரியென்றால் உலகம் ஒரு கற்பனை எண்ணை நம்பிக்கொண்டிருக்கிறது. உண்மை இரண்டுக்கும் நடுவில் எங்கோ இருக்கலாம். மக்களை எண்ணும் கலையைப் பல நாட்டாருக்கும் கற்பிக்கும் மக்கள்தொகை ஆய்வு நிறுவனம் 1956இல் தொடங்கப்பட்டது இங்கிருந்து சில கிலோமீட்டர் தொலைவிலுள்ள செம்பூரில் என்பதையும் இங்கே குறித்துவைக்கலாம்.

கல்லூரி மாட்டுங்காவின் கணக்கிலும் ஓட்டை உண்டு. கணக்கெடுப்பு மனிதரை அவர்கள் வழக்கமாக வசிக்கும் இடத்தில் எண்ணுகிறது. கல்யாணிலிருந்தும் பன்வேலிலிருந்தும் காலையில் வந்திறங்கி மாலையில் திரும்பும் மாணவர் மாட்டுங்காவின் மக்கள் அல்லர். பகல் முழுதும் அந்தத் தெருக்களை நிறைப்பவர்களோ அவர்களே.

மொழிக்கணக்கு இன்னும் சிக்கலானது. 2011இல் மகாராஷ்டிரத்தில் தமிழின் கீழ்ப் பதிவானோர் சுமார் 5 லட்சம். மும்பை நகரம் இரு மாவட்டங்களாகப் பிரிந்திருப்பதால் மாட்டுங்காவும் தாராவியும் ஒரு வரிசையில் வருகின்றன. செம்பூர் புறநகர் மாவட்டத்தின் வரிசைக்குப் போய்விடுகிறது. பாலக்காட்டு அக்கிரகாரத் தமிழும் நெல்லைத் தமிழும் அட்டவணையில் ஒரே எண். மகாராஷ்டிரத்தில் மிகுதியாகப் பேசப்படும் கைகாடியும் அந்தத் 'தமிழ்' தொகுப்புக்குள்தான் சேர்க்கப்படுகிறது. கைகாடி பேசுவோரிடம் தமிழ் பேசுகிறீர்களா என்று கேட்டால் என்ன விடை வரும் என்பது ஆய்வுக்குரியது. தாராவியில் பிறந்த மூன்றாம் தலைமுறை, வீட்டில் தமிழும் தெருவில் பம்பாய் இந்தியும் அலுவலகத்தில் மராத்தியும் பேசுகிறது. படிவமோ தாய்மொழிக்கு ஒரே ஒரு கட்டம் தருகிறது.

2021இல் வரவேண்டிய கணக்கெடுப்பு நடக்கவில்லை; அடுத்தது 2027க்கு அறிவிக்கப்பட்டிருக்கிறது. அதற்குள் தாராவியில் வேறொரு கணக்கெடுப்பு வந்துவிட்டது. மறுசீரமைப்புத் திட்டத்துக்காக 2024இல் வீடுவீடாக எண் எழுதத் தொடங்கினர். 2000 ஜனவரி 1க்கு முன்பிருந்து தரைத்தளத்தில் குடியிருப்போருக்குத் தாராவியிலேயே 350 சதுர அடி வீடு. பின்னர் வந்தோருக்கும் மாடியில் இருப்போருக்கும் தாராவிக்கு வெளியே, வேறு நிபந்தனைகளில். இந்த எண்ணிக்கையில் பிழை நேர்ந்தால் அதன் விலை ஒரு குடும்பத்தின் முகவரி. தரைத்தளத்தில் அண்ணன், ஏணியேறிப் போனால் தம்பி. ஒரே ரேஷன் அட்டையில் தொடங்கிய குடும்பம் இரண்டு ஊர்களுக்குப் பிரியக்கூடும். பழைய மின்கட்டண ரசீதுகளைத் தகரப் பெட்டியில் சேர்த்துவைத்த பாட்டிமாரின் மதிப்பு இப்போது தெரிகிறது.

தாராவியிலிருந்து மாட்டுங்காக் கல்லூரிகளுக்கு அரைமணி நேர நடை. அப்படி நடந்து வந்து படித்தவர்கள் பலர். வேலை விண்ணப்பத்தில் முகவரி எழுதும்போது தாராவி என்பதை விடுத்து 'சயான்' என்றோ 'மாட்டுங்கா' என்றோ எழுதும் வழக்கம் அங்கே நெடுங்காலமாக உண்டு. ஆயினும் கீழே 400017 என்று எழுதியாக வேண்டும். மாட்டுங்காவின் எண் 400019, சயானின் எண் 400022. நேர்முகத் தேர்வில் எதிரே இருப்பவர் மும்பைக்காரராக இருந்தால் அந்தக் கடைசி இரண்டு இலக்கங்களில் கண் சற்றே நிற்கும். "சயானில் எந்தப் பக்கம்?" என்பது அடுத்த கேள்வி.