வாயில இரும்போட அனுப்பாதே!

போன மாசியில ஏரித் தண்ணி வடிஞ்சு கிடந்த சமயம். ஆன்லைன்ல மலிவா வாங்கின மடக்குத் தூண்டில் ஒண்ணை எடுத்துக்கிட்டுப் போனேன். மூணாவது வீச்சிலயே விரால் மாட்டிடுச்சு. ஆர்வத்துல கழியை நட்டமா தூக்கினேன். நுனியில இருந்து ஒரு முழத்துல 'படக்'னு முறிஞ்சுது. முறிஞ்ச முனை நூலை அறுத்துவிட, விரால் முள்ளோட பாசிக்குள்ள போயிடுச்சு.

வீட்டுக்கு வந்து அப்பாகிட்ட சொன்னேன். கழி போன கவலை அவருக்கு இல்லை. "புடிச்சா புடி, இல்லன்னா உடு. வாயில இரும்போட அனுப்பாதே"ன்னு சொல்லிட்டு மாட்டுக்குத் தண்ணி காட்டப் போயிட்டார். அன்னைக்கு ராத்திரி சோறு சரியா இறங்கல.

அப்பா காலத்துல பத்தடி மூங்கில் கழி, மயில் இறகுத் தண்டுல தக்கை, உயிரோட ஒரு சின்னத் தவளை, அவ்வளவுதான். மூங்கில் வளையும், முறியாது. ஆனா கரையில இருந்து எட்டுற தூரம்தான் அதுக்கு எல்லை. விரால் படுத்திருக்கிறதோ நடுப் பாசியில.

ரெண்டாவது தடவை ஏமாறக்கூடாதுன்னு தேடினப்போதான் ஒரு விஷயம் புரிஞ்சுது. அமெரிக்காவுல லார்ஜ்மவுத் பாஸ்னு ஒரு மீன். அதுவும் நம்ம விரால் மாதிரியே பாசி, கோரை ஓரமா பதுங்கி இருந்து பாய்ஞ்சு கவ்வுற சாதி. அதுக்குன்னு அவங்க செஞ்ச காஸ்டிங் ராட் இந்தப் பக்கம் விராலுக்கும் கச்சிதமா பொருந்துது. இதுல ரீல் கழிக்கு மேல உட்காரும், கைப்பிடியில ஆள்காட்டி விரலுக்குத் துப்பாக்கி விசை மாதிரி ஒரு கொக்கி இருக்கும்.

கழி மேலயே அதோட ஜாதகம் அச்சடிச்சிருக்கும். நான் தேடினது ஆறரை அடி, மீடியம் ஹெவி, ஃபாஸ்ட். மீடியம் ஹெவின்னா முதுகுல பலம். ஃபாஸ்ட்னா நுனிப் பக்கம் மட்டும் வளையும், அடிப்பக்கம் விறைப்பா நிக்கும். விராலுக்கு இது ஏன் வேணும்னா, நாம போடறது ரப்பர் தவளை. முள்ளு ரெண்டும் தவளை முதுகோட ஒட்டி இருக்கிறதால பாசியில சிக்காது. மீன் கவ்வி, தவளை நசுங்கினாதான் முள்ளு வெளிய வரும். அந்த நேரம் பார்த்து வெடுக்குனு இழுக்கணும். தொளதொளன்னு இருக்கிற கழியில அந்த இழுப்பு போய்ச் சேராது. அடுத்து பார்க்க வேண்டியது எடைக் கணக்கு. என் தவளை 12 கிராம். கழியில 7 முதல் 28 கிராம்னு போட்டிருந்தது. நூல் 40 பவுண்டு பின்னல் நூல்.

ஆட்டுக்குட்டி வித்த காசை எடுத்துக்கிட்டு டவுனுக்கு நேர்லயே போனேன். கடைக்காரர் முன்னாடியே கழியைக் கண்ணுக்கு நேரா பிடிச்சு கோணல் பார்த்தேன். ஒவ்வொரு வளையத்துலயும் பஞ்சைத் திரிச்சு விட்டு இழுத்தேன். வளையத்துல கீறல் இருந்தா பஞ்சு மாட்டும், நாளைக்கு நூலும் அங்கதான் அறும். அப்புறம் ஒரு லிட்டர் தண்ணி பாட்டிலை நூல்ல கட்டி மெதுவா தூக்கினேன். நுனி வணங்குச்சு, நடுவும் அடியும் நின்னுது. "பொண்ணு பார்க்க வந்த மாதிரி பார்க்கறீங்களே"ன்னு கடைக்காரர் சிரிச்சார்.

சோதனை களத்துமேட்டுல. முள் இல்லாம 15 கிராம் நட்டு ஒண்ணைக் கட்டி, இருபது தப்படியில முறத்தை வச்சு வீசினேன். முதல் வீச்சுலயே ரீல்ல தூக்கணாங்குருவிக் கூடு! நட்டு வேகம் குறைஞ்ச பிறகும் உருளை சுத்திக்கிட்டே இருந்தா நூல் சிக்காகிடும். பெருவிரலால லேசா தடவிக்கிட்டே இருக்கணும். திண்ணையில இருந்து அப்பா பார்த்துட்டு, "மேழி புடிக்கிற மாதிரிடா. அழுத்தினா கொழு இறங்கிடும், உட்டா மேலயே ஓடிடும்"னார். அவர் சொன்ன பிறகுதான் விரல் படிஞ்சுது. நாலாவது நாள் முறத்துல 'டங்'னு விழுந்துச்சு.

ஒரு எச்சரிக்கை. கார்பன் கழியில மின்சாரம் பாயும். எங்க ஏரிக்கரை மேல கரண்டு கம்பி போகுது. அந்த இடத்துல கழியைத் தூக்கிப் பிடிச்சு நடக்கக்கூடாது, இடி மின்னல் நேரத்துல கையிலயே எடுக்கக்கூடாது. நகரத்துல இருந்து வர்ற தம்பிங்க இதை மறந்துடாதீங்க. ஏரி மீன் குத்தகையில இருந்தா, எடுத்தவர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு இறங்குங்க.

ஐப்பசியில, குத்தகைக்காரர்கிட்ட சொல்லிட்டு, அப்பாவையும் கூட்டிக்கிட்டுப் போனேன். முள்ளுல இருக்கிற எதிர்முள்ளைக் குறடால நசுக்கிட்டேன். மீன் தப்பினாலும் முள்ளு கழண்டுடணும் இல்லையா? கோரை ஓரம் தண்ணி கொப்பளிச்சுது. கழியைப் பின்னால கொண்டு போனேன். அப்பா தோளைத் தொட்டார். பார்த்தா, தண்ணி மேல குங்குமத்தைக் கொட்டின மாதிரி செவப்பா ஒரு கூட்டம். விரால் குஞ்சுங்க. கீழ தாயும் தகப்பனும் காவல் இருக்கும். அந்த நேரம் தவளையை மேல போட்டா பசி இல்லாட்டியும் கோபத்துல கவ்வும். சுலபமா மாட்டும். மாட்டினா அத்தனை குஞ்சும் மத்த மீனுக்கு இரை.

கழியை இறக்கிட்டேன். மதகுப் பக்கம் நடந்தோம். அங்க ஒரு மணி நேரம் கழிச்சு 'டப்'னு ஒரு அடி. ஒண்ணு, ரெண்டுன்னு எண்ணி வெடுக்குனு இழுத்தேன். இந்தத் தடவை கழியை நட்டமா தூக்கல, சாய்ச்சுப் பிடிச்சே கரைக்குக் கொண்டு வந்தேன். கைமுழம் நீளம் இருக்கும். அப்பா முள்ளைக் கழட்டி, வாயைத் திறந்து உள்ள பார்த்தார்.

"என்னப்பா பார்க்கறீங்க?"

"உன் பழைய முள்ளு இருக்குதான்னு."

இல்லை. குழம்பு நல்லா இருந்துச்சு.