உளுத்த கட்டையின் குடிகள்

கதை எழுதுகிறவனுக்குப் பாதி வேலை பெயர் வைப்பதுதான். பெயர் பொருந்திவிட்டால் பாத்திரம் தானாக நடக்க ஆரம்பித்துவிடும். என் அக்கா பிள்ளை பின்லாந்தில் செய்வதும் ஏறக்குறைய அதே வேலை. உளுத்த மரத்திலிருந்து வெளிவரும் சிற்றீக்களின் பெயரைக் கண்டு சொல்கிறான்.

காட்டில் விழுந்து மட்கிய மரத்தில் ஒரு துண்டை வெட்டி, இருட்டுப் பெட்டிக்குள் அடைத்துவிடுவார்களாம். வெளிச்சம் தெரிவது ஒரே துவாரத்தில். அங்கே ஒரு சாராயப் புட்டி. மரத்திலுள்ள பூஞ்சணத்தைத் தின்று வளர்ந்த புழுக்கள் ஈயாகி, வெளிச்சத்தை நாடி வந்து அதில் விழுகின்றன. “காட்டில் வலை கட்டிப் பிடித்த ஈ வழிப்போக்கனாகவும் இருக்கலாம், மாமா. கட்டையிலிருந்து வந்ததென்றால் அந்த வீட்டுப் பிள்ளைதான்” என்றான்.

பிறகுதான் கஷ்டம். எல்லாம் கொசுவின் தம்பி தங்கைகள் மாதிரி ஒரே சாயல். இறகின் நரம்புகளைப் பார்த்தால் குலம் கோத்திரம் தெரியும். ஆள் யாரென்று அறிய, ஆண் ஈயின் வால் நுனியைக் கத்தரித்து, காரத்தில் ஊறவைத்து, கிளிசரின் சொட்டில் இட்டு மைக்ராஸ்கோப்பில் பார்க்க வேண்டும். அங்கிருக்கும் கொக்கிகளின் வளைவில்தான் வித்தியாசம். பெண் ஈக்களில் பலவற்றுக்கு அப்படித் துலக்கமான அடையாளம் கிடையாது. பெயரில்லாமலே புட்டியில் தங்கிவிடுகின்றன. கனடாவில் பால் ஹெபர்ட் என்பவர் 2003-ல், மரபணுவின் ஒரு துண்டைக் கொண்டே இனத்தை அறியும் முறையைச் சொன்னார். அது பெண்ணை அதன் ஆணோடு சேர்த்துக் காட்டும். ஆனால் அந்த ஆண் இன்னாரென்று யாராவது ஒருவர் முன்பே பார்த்துச் சொல்லியிருக்க வேண்டும்.

அக்காவுக்கு இதிலெல்லாம் திருப்தியில்லை. வருஷத்துக்கு வருஷம் நீட்டித்துத் தரும் வேலை. “பெண் கொடுக்க வருகிறவர்களிடம் என்ன உத்தியோகமென்று சொல்லட்டும்? திரும்பி வரச் சொல்லி நீ ஒரு கடிதம் எழுதேண்டா” என்கிறாள். அவள் கவலையில் நியாயம் இல்லாமலில்லை.

எனக்குத்தான் பேனா ஓடவில்லை. பின்லாந்துக் காடுகளில் நாலாயிரம், ஐயாயிரம் வகை உயிர்கள் செத்த மரத்தை நம்பிப் பிழைக்கின்றன. இங்கிலாந்தில் வைத்தம் காட்டை ஆராய்ந்த சார்லஸ் எல்டன், விழுந்த மரங்களை அப்புறப்படுத்தினால் காட்டுப் பிராணிகளில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேலேயே போய்விடலாம் என்று 1966-ல் எழுதினார். நாம் சுத்தம் செய்வதாக நினைத்துக்கொண்டு குடிகளைக் காலி செய்கிறோம்.

கோடரியோடு வருகிறவர், “இதில் என்ன இருக்கிறது?” என்று கேட்கிறார். ‘ஏதோ ஈ’ என்றால் கட்டை விறகாகிவிடும். இன்ன ஈ, இந்தக் கட்டையில்தான் வளர்ந்தது என்று சொல்ல ஓர் ஆள் இருந்தால், கோடரி ஒரு கணமாவது தயங்கும். அந்த ஆளை எப்படித் திரும்பி வா என்று அழைப்பது?