அனுப்பிய மெயிலுக்கு ஒரு ஆபீஸ் காப்பி

பீங்கான் மண் சூளைக்குள் போனால் சுருங்கும். ஈரமாக அச்சிலிருந்து எடுக்கும்போது பத்து சென்டிமீட்டர் இருக்கிற சாமான், காய்ந்து வெந்து வெளியே வரும்போது ஒன்பதுக்குப் பக்கத்தில் நிற்கும். விருத்தாசலம் செராமிக் தொழிற்பேட்டையில் பிறந்து வளர்ந்த பூனைக்குக்கூட இது தெரியும். அகல் விளக்கிலோ பொம்மையிலோ கொஞ்சம் முன்னே பின்னே இருந்தால் யாரும் கேட்கப் போவதில்லை. ஃபியூஸ் கேரியர் அப்படியில்லை. பித்தளைத் துண்டு அதற்குரிய பள்ளத்தில் உட்காரவில்லை என்றால் மொத்த லோடும் திரும்பி வந்துவிடும்.

எங்கள் சித்தப்பாவுக்கு அப்படி ஒரு லோடு திரும்பி வந்தது. வாங்கியவர் வெளிமாநில வியாபாரி. அவர் அனுப்பிய வரைபடத்தில் இருந்த அளவு அச்சு அளவா, வெந்த அளவா என்பதுதான் தகராறு. “வெந்த அளவாகத்தான் எடுத்துக்கொள்கிறோம், இவ்வளவு கூடக் குறைய வரும், சம்மதமா?” என்று ஆபீஸிலிருந்து மெயில் போயிருந்தது. கணக்கும் கடிதமும் பார்க்கும் அக்காவுக்கு அது நன்றாக நினைவிருந்தது. வியாபாரியோ, “அப்படி ஒரு மெயில் வரவே இல்லை” என்று ஒரே பிடியாக நின்றார்.

எடுத்துக் காட்டலாம் என்றால் ஆபீஸ் கம்ப்யூட்டரின் ஹார்ட் டிஸ்க் அதற்குள் போய்விட்டது. அங்கே மெயில் ‘பாப்’ முறையில் ஓடிக்கொண்டிருந்தது. அந்த முறையில் வருகிற கடிதத்தை சர்வரிலிருந்து இறக்கிக்கொள்ளலாம். நாம் அனுப்பியதன் பிரதி அந்த ஒரு கம்ப்யூட்டரில் மட்டும்தான் தங்கும். கம்ப்யூட்டர் செத்தால் அதுவும் சேர்ந்து சாகும்.

கடைசியில் பாதி விலைக்குப் பேசி முடித்தார்கள். அன்று ராத்திரி சித்தப்பா சாப்பிடவில்லை. “காசு போனாக்கூடப் பரவாயில்லடா. நான் பொய் சொல்றேன்னுட்டான்” என்றார். பிறகு, “கார்பன் பேப்பர் காலத்துல இந்தத் தொல்லையே கெடையாது. கையெழுத்துப் போடும்போதே ஆபீஸ் காப்பி கீழ விழுந்துடும்” என்றார்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. கார்பன் பேப்பருக்கு முதன்முதலில் காப்புரிமை வாங்கிய ரால்ஃப் வெட்ஜ்வுட் ஒரு பீங்கான்காரர்! இங்கிலாந்தில் பேர்போன வெட்ஜ்வுட் பீங்கான் குடும்பத்தைச் சேர்ந்தவர். வருடம் 1806. மெயிலில் ‘சிசி’ என்று போடுகிறோமே, அது ‘கார்பன் காப்பி’யின் சுருக்கம்தான். ‘பிசிசி’ என்றால் அதே பிரதி, மற்றவர் கண்ணில் படாமல் போவது. சித்தப்பாவிடம் இதைச் சொன்னபோது, “அப்ப நம்மாளுதான்” என்று முதல்முறையாகச் சிரித்தார்.

அதன் பிறகு ஆபீஸ் மெயிலை வாடகைக்கு எடுத்த ஒரு சின்ன சர்வருக்கு மாற்றினேன். அதில் போஸ்ட்ஃபிக்ஸ் என்ற இலவச மென்பொருள் ஓடுகிறது. ஐபிஎம் ஆராய்ச்சிக்கூடத்தில் இருந்தபோது வீட்சே வெனிமா எழுதி 1998-இல் வெளியிட்டது. ‘ஆல்வேஸ் பிசிசி’ என்று அதில் ஒரு வரி எழுதினால், சர்வர் வழியாகப் போகிற வருகிற எல்லாக் கடிதத்துக்கும் ஒரு பிரதி நாம் சொல்லும் பெட்டியில் விழும். எல்லாம் என்றால் குப்பை விளம்பரமும் சேர்த்துத்தான். எங்களுக்கு அது வேண்டாம். ‘சென்டர் பிசிசி மேப்ஸ்’ என்று இன்னொன்று இருக்கிறது. இன்ன முகவரியிலிருந்து போகும் கடிதத்துக்கு இன்ன பெட்டியில் பிரதி என்று ஒரு பட்டியல் எழுதி வைத்தால் போதும். பத்து நிமிட வேலை.

ஆனால் பிரதியை வைத்து நாம் அனுப்பினோம் என்றுதான் சொல்ல முடியும். அது போய்ச் சேர்ந்ததா? அதற்குச் சாட்சி சர்வரின் லாக். எந்தக் கடிதத்தை எத்தனை மணிக்கு எதிராளியின் சர்வர் வாங்கிக்கொண்டது என்று ஒவ்வொரு வரியாக அதில் பதிவாகும். பழைய தபால் ரிஜிஸ்டர் மாதிரி. சாதாரணமாகச் சில வாரங்களில் பழைய லாக் தானாக அழிந்துவிடும். அதை நிறுத்தி, பிரதிப் பெட்டியோடு சேர்த்து வேறோர் இடத்திலும் சேமிக்க வைத்தேன். பெட்டி நிரம்பாமலும் பார்த்துக்கொள்ள வேண்டும். நிரம்பினால் பிரதி அதில் விழாது, அனுப்பியவருக்கும் அதைப் பற்றித் தகவல் வராது.

சொந்த சர்வர் இல்லாதவர்களுக்கு கூகுள் வொர்க்ஸ்பேஸ், மைக்ரோசாஃப்ட் 365 போன்ற கட்டணச் சேவைகளிலும் இதே வசதி உண்டு. இலவச ஜிமெயிலில் அனுப்பியது தங்கத்தான் செய்யும். ஆனால் பாஸ்வேர்டு தெரிந்த யாரும் அழித்துவிடலாம்.

உண்மையான சண்டை சர்வரில் இல்லை, வீட்டில் வந்தது. “அக்காகிட்ட சொல்லாத. அவங்க பாட்டுக்கு வேல பாக்கட்டும், காப்பி பாட்டுக்கு விழட்டும்” என்றார் சித்தப்பா. நான் மாட்டேன் என்றேன். அந்த அக்கா பன்னிரண்டு வருடமாக அங்கே இருக்கிறார். மகளின் காலேஜ் விண்ணப்பம், ஆஸ்பத்திரி ரிப்போர்ட் எல்லாம் ஆபீஸ் மெயிலில்தான் அனுப்பிக்கொண்டிருந்தார். ஒருவருக்குத் தெரியாமல் அவர் கடிதத்தைப் படிப்பதற்கு வீட்டுப் பெரியவர்கள் வைத்திருக்கிற பெயர் வேறு. இரண்டு நாள் சித்தப்பா என்னோடு சரியாகப் பேசவில்லை. மூன்றாம் நாள் அவரே அக்காவைக் கூப்பிட்டுச் சொன்னார். அக்கா கொஞ்ச நேரம் சும்மா இருந்துவிட்டு, “இது அன்னிக்கே இருந்திருந்தா என்மேல பழி வந்திருக்காதே தம்பி” என்றார். அன்று சாயங்காலமே அவருக்கென்று தனி ஜிமெயில் ஒன்று திறந்து கொடுத்தேன்.

அக்காமீது பழி சொன்னது யார் என்று நான் கேட்கவில்லை. சித்தப்பா அப்போது ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

எத்தனை வருடம் வைத்திருப்பது என்று ஆடிட்டரிடம் கேட்டோம். ஜிஎஸ்டி கணக்குகளை, ஆண்டுக் கணக்கு தாக்கல் செய்யவேண்டிய கடைசி நாளிலிருந்து 72 மாதம் வைத்திருக்க வேண்டும் என்பது சட்டம். மெயிலுக்கும் அதையே வைத்துக்கொண்டோம். வழக்கு என்று போனால் வெறும் பிரின்ட் அவுட் போதாது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய சாட்சிய சட்டத்தின் 63-வது பிரிவுப்படி ஒரு சான்றிதழும் சேர்த்துத் தர வேண்டும். எங்களுக்கு அந்த அளவுக்குப் போகும் எண்ணமில்லை. எதிராளி ‘வரவில்லை’ என்றால் மேசைமேல் எடுத்துப் போட ஒரு காகிதம் வேண்டும், அவ்வளவுதான்.

இப்போது புதுத் தலைவலி வாட்ஸ்அப். ஆர்டர், விலை, சண்டை, சமாதானம் எல்லாம் அதில்தான் நடக்கிறது. அது எதுவும் என் சர்வரைத் தொடுவதில்லை. அதற்குச் சித்தப்பாவே ஒரு வழி வைத்திருக்கிறார். வாட்ஸ்அப்பில் எவ்வளவு வேண்டுமானாலும் பேசுவார். அளவு என்று வந்ததும் நிறுத்திவிடுவார். “அத மட்டும் மெயில்ல போடும்மா” என்று அக்காவிடம் சொல்லிவிட்டு சூளைப் பக்கம் போய்விடுவார்.